ஒரே இடத்தில் வைத்த முகங்கள்

கோம்பை
ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்த ஊர்க் குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நோய்நொடி அண்டாமல் இருக்க ராயப்பெருமாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாள் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுசன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன் தாயி. நீ சின்னவளைக் காட்டியதும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அயர்லாந்துக்குத் திரும்புகிற மாப்பிள்ளையின் சிநேகிதரிடம் உன் அம்மா முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்துவிடுகிறாள், அந்தப் பைக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனாலும் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. தீபாவளிக்கு நல்ல மழை, வெடிச்சத்தமே இல்லை. உன் பெரியப்பா தோட்டத்தில் திராட்சை அறுப்புக்கு வந்த நேரத்தில் இந்த மழை பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக வெடித்துவிட்டது, அவர் யாரிடமும் பேசாமல் பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறார். நீ ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு, தோட்டத்தைப் பற்றிக் கேட்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால் சின்னவளுக்குக் காது குத்த வந்தபோது ஸ்டுடியோவுக்கென்று ஒரு கருப்பு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தாயே, உள்ளங்கை அகலத்தில். கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரத்துப் படங்களை அதில் காப்பி பண்ணணும் என்று சொல்லிக் கொடுத்தாய். "கம்ப்யூட்டர்லயும் இருக்கணும், இதுலயும் இருக்கணும்ப்பா, ரெண்டு எடத்துல இருந்தாத்தான் இருக்குன்னு அர்த்தம்" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. நானும் நாலைந்து வாரம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கல்யாண சீசன் வந்தது, கம்ப்யூட்டர் நிறைந்து போய் ஒரு படத்தைத் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு ஆனது. அப்போதுதான் புத்தி அப்படிப் போனது. படங்கள்தான் கருப்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவே, கம்ப்யூட்டரிலும் எதற்கு என்று ஒவ்வொரு வருசமாக எடுத்து அதில் போட்டுவிட்டு இங்கே அழித்தேன். கடையில் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து எடுத்த அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. காப்பி என்று நீ சொன்னதை நான் இடம் மாற்றுவது என்று ஆக்கிக்கொண்டேன். பெட்டி என்றால் பத்திரம் என்று நினைத்துவிட்டேன் ஆத்தா. அது ஒரே இடம்தான் என்று புத்திக்கு எட்டவில்லை.

ஆனி மாசம் ஒரு காலையில் பெட்டியைச் சொருகினேன், கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம், சுவரில் பல்லி தட்டுகிற மாதிரி. பிடுங்கிச் சொருகினேன், வயரை மாற்றினேன், பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் சரியாகும் என்று காத்திருந்து திரும்பவும் போட்டேன். ஒரு வாரம் இதே வேலை. வீடியோவில் எவனோ சொன்னான் என்று பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் வைத்தேன், ஐஸ் பிடித்ததும் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகினேன். உன் அம்மா ஃப்ரிட்ஜில் அதைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டதற்கு கேமரா சாமான் என்று சொன்னேன். கடைசியில் தேனிக்குப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கிற பொன்னுராஜிடம் காட்டினேன். அவன் காதருகே வைத்து ஒரே ஒரு தடவை கேட்டான், உடனே பிடுங்கிவிட்டான். "அண்ணே, இனிமே இத கரண்ட்ல போடாதீக. நானும் தொட மாட்டேன். மதுரையில இதுக்குன்னே பிரிச்சுப் பாக்குற ஆளுக இருக்காக, நேரா அங்கன கொண்டு போங்க" என்றான். நான் மதுரைக்குப் போகவில்லை. ஊருக்கு வந்து பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ரெண்டு மாசம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழைய படம் கேட்டு வந்தவர்களிடம் மிஷின் ரிப்பேர் என்றேன். ஆல்பம் போடாமலே விட்ட உன் கல்யாணப் படங்களை நீ நாலு தடவை கேட்டாய், அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று உன்னிடமும் பொய்தான் சொன்னேன். பிரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஒருத்தன் வாயால் கேட்கிறவரைக்கும் எல்லாம் உள்ளே இருக்கிற மாதிரிதானே என்று ஒரு கோழைத்தனம்.

நம் கடைக்குப் பின்தெருவில் இருந்த ராமுத்தாயை உனக்கு நினைவிருக்கும், மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிறவள், உன் கல்யாணத்துக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றினாள். புருசன் ராக்கையா கொத்து வேலை, ஒரே மகள் ஹேமாவதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஆவணியில் மலையில் விடாமல் மழை. ஒரு காலை ஜீப் மேலே ஏறுகையில் வளைவில் மண் சரிந்து பள்ளத்தில் உருண்டுவிட்டது. ஏழு பேருக்கு அடி, ரெண்டு பேர் அங்கேயே முடிந்து போனார்கள். அதில் ராமுத்தாய் ஒருத்தி. நாற்பத்தி நாலு வயசு. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது நானும் போய் நின்றேன். முகத்தைத் திறக்கவில்லை, திறக்கிற மாதிரி இல்லை என்றார்கள். ஹேமாவதி பஸ் பிடித்து வந்து இறங்கும்போது எல்லாம் கட்டி முடித்திருந்தது. அந்தப் பிள்ளை தன் அம்மா முகத்தைப் பார்க்காமலே அனுப்பி வைத்தது.

மறுநாள் அப்பனும் மகளுமாக என் கடைக்கு வந்தார்கள். நாலு வருசத்துக்கு முன்னால் ராமுத்தாய் ஏதோ அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தபோது நடந்த ஒன்றை ஹேமாவதி சொன்னாள். நான் சிரிக்காதே என்று சொல்லச் சொல்ல ராமுத்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லையாம், சிரிப்பதையே ஒரு படமாக எடுத்துவிட்டு நான் திருப்பிக் காட்டினேனாம். "அத வச்சிருங்கண்ணே, பெரிசாப் போட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம், பிறகு வாங்க வரவேயில்லை. அந்தக் கதையை வீட்டில் அடிக்கடி சொல்லுவாளாம். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறவள் அவள். ஹேமாவதியின் பழைய போனில் சிலது இருந்திருக்கிறது, போன வருசம் போனைக் கடையில் மாற்றும்போது அதில் இருந்ததை எடுத்து வைக்கவில்லை. புதுப் போனில் ரெண்டே ரெண்டு, ரெண்டிலும் கையால் முகத்தை மறைத்திருக்கிறாள். கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது, அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் படங்களும் விண்ணப்பங்களோடு போய்விட்டன. "மாமா, ஒங்ககிட்ட இருக்கும்னு தெரியும். அதப் பெரிசாப் போட்டுக் குடுங்க, பதினாறாம் நாளுக்கு வைக்கணும்" என்று ஹேமாவதி கேட்டாள். நான் நாளைக்கு வா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுகிறவரை மடியிலேயே வைத்திருந்தேன், குலுங்கக் கூடாது என்று. இனி குலுங்கினால் என்ன. அங்கே எபனேசர் என்று ஒருத்தர், முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், தூசி புகாத கண்ணாடி அறையில் கையுறை போட்டுக்கொண்டு பிரிக்கிறார். நாலு நாள் கழித்து வரச் சொன்னார், போனேன். உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தட்டு, அதன்மேல் ஒட்டாமல் ஓடுகிற மெல்லிய முள், அந்த முள் கெட்டுப்போய்த் தட்டிலேயே உரசியிருக்கிறது. தட்டைச் சாய்த்துக் காட்டினார், வட்டம் வட்டமாகக் கீறல், பாத்திரத்தைக் கம்பி போட்டுத் தேய்த்த மாதிரி. "மொத நாள் சத்தம் கேட்டப்பவே நிறுத்தியிருந்தா முக்கால்வாசி எடுத்திருக்கலாம் சார். அதுக்கப்புறம் எத்தன தடவ கரண்ட் குடுத்தீங்க?" என்று கேட்டார். ரெண்டு மூணு தடவை என்றேன். முப்பதுக்குக் குறையாது அனுசுயா. தட்டின் ஓரத்தில் தண்ணீர்த் தடம் ஒன்றையும் காட்டினார், ஃப்ரிட்ஜ் என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கிடைத்தது முந்நூற்றுச் சொச்சம் படங்கள், அதிலும் பாதி பாதிதான் திறந்தது, மீதிப் பாதி சாம்பல் நிறம். அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாழைத்தார், யாரோ இன்சூரன்சுக்கு எடுக்கச் சொன்ன நொறுங்கிய டிராக்டர், மாசித் திருவிழாக் கூட்டம், ஒரு பாட்டியாரின் காதும் தோடும், நெற்றி மட்டும் தெரிகிற ஒரு பையன். ராமுத்தாய் இல்லை. உன் கல்யாணத்தில் கிடைத்தது பதினொன்று, அதில் ஒன்றில்கூட நீ இல்லை. பந்தல் கூரை, வாசல் வாழைமரம், சமையல் அண்டா. முகூர்த்தத்துக்கு முன்னால் வெளிச்சம் பார்க்க எடுத்தவை.

நான் திரும்பி வருவதற்குள் ஹேமாவதி கடைக்கு ரெண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தாள். உன் அம்மாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது, வாசலிலேயே நின்றிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "ஏங்க, போயிச் சொல்லிட்டு வந்துருங்க. ஆத்தாளப் பறிகொடுத்த புள்ள, அத இன்னம் நடக்க விடாதீக" என்றாள். அப்படியும் நாள் கடத்தினேன். பதினோராம் நாள்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ராக்கையா கயிற்றுக் கட்டிலில் இருந்தான், ஹேமாவதி தரையில். நின்றுகொண்டே சொன்னேன், பெட்டி கெட்டதையும், ரெண்டு மாசம் மறைத்ததையும், நாளைக்கு வா என்று பொய் சொன்னதையும், என் கையாலேயே அதைக் கெடுத்ததையும். ராக்கையா தலையைக் குனிந்துகொண்டான். ஹேமாவதி அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். "மாமா, அது சிரிச்சத நீங்க பாத்தீகள்ல. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க." முப்பது வருசமாக முகத்தைப் பார்த்துத்தான் சோறு தின்கிறேன். தாடையைத் தூக்கு, கண்ணைத் திற, தோளை இறக்கு என்று ஆயிரம் ஆயிரம் முகத்தைக் கையால் தொட்டுத் திருப்பியிருக்கிறேன். எனக்கு அந்தச் சிரிப்பு நினைவில் வரவில்லை. அன்றைக்கு நான் பார்த்தது வெளிச்சத்தை, முகத்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள், எடப்பக்க மூக்குத்தி மின்னியது என்றேன். ராக்கையா தலையைத் தூக்காமலே, "எடப்பக்கமில்லண்ணே, வலப்பக்கம்" என்றான்.

பதினாறாம் நாளுக்கு உத்தமபாளையத்தில் வேறு ஸ்டுடியோவில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்கள் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், கரிக்கோடு போட்ட மாதிரி. மாலை போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் ஒருவர் இது ராமுத்தாயா என்று மெதுவாகக் கேட்டார். நான் கடைசி வரிசையில் இருந்து சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பலகையில் என் கையாலேயே எழுதி கடை வாசலில் தொங்கவிட்டேன். இந்தக் கடையில் இவ்வளவு வருசம் எடுத்த படங்கள் என் கவனக்குறைவால் அழிந்துவிட்டன, யார் வீட்டில் பிரிண்ட் இருந்தாலும் கொண்டு வாருங்கள், காசில்லாமல் ஸ்கேன் செய்து உங்களுக்கும் ஒரு காப்பி தருகிறேன் என்று. கவனக்குறைவால் என்ற வார்த்தையை உன் அம்மா போடச் சொன்னாள். சனங்கள் வந்தார்கள். சிலர் ஆல்பம் கொண்டுவந்தார்கள், சிலர் திட்டுவதற்கென்றே வந்தார்கள். கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்த ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்து, செத்துப்போன தன் அண்ணன் படம் வேறு எங்கும் இல்லை என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் என்னால் முடிந்தது. கொண்டுவருகிற ஒவ்வொரு படத்திலும் பின்வரிசையில், பந்தி ஓரத்தில், கூட்டத்தில் ராமுத்தாய் இருக்கிறாளா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. ஒரு கல்யாணப் படத்தில் குடம் பிடித்த கை ஒன்று இருந்தது, ஹேமாவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது நீ சொன்னபடி செய்கிறேன். புதிதாக ரெண்டு டிஸ்க். ஒன்று கடையில், இன்னொன்று ராயப்பன்பட்டியில் உன் பெரிய மாமா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காப்பி பண்ணி முடித்ததும் பத்துப் படத்தை உன் அம்மா அவளாகவே திறந்து பார்ப்பாள், திறந்தால்தான் எழுந்திருக்க விடுவாள். திறந்து பார்க்காத காப்பி காப்பியே இல்லை என்று எபனேசர் சொல்லி அனுப்பியதை அவள் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் ஹேமாவதி தீபாவளி லீவு முடிந்து திருப்பூருக்குக் கிளம்புகிற அன்று ராக்கையாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான், மனசு இல்லாமல்தான் வந்திருந்தான் என்று தெரிந்தது. "அப்பாவ எடுங்க. பிரிண்டு இப்பவே வேணும், கையில வாங்கிட்டுத்தான் போவேன்" என்றாள். எடுத்தேன். இந்தத் தடவை லைட்டை ஒரு தரம் சரி பண்ணிவிட்டு அவன் முகத்தைத்தான் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, உதடு ஒரு பக்கம் காய்ந்து வெடித்திருந்தது, கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறது. பிரிண்ட் வெளியே வந்ததும் அவள் ஓரத்தைப் பிடித்து வாங்கிப் பார்த்தாள், பிறகு தன் போனிலும் ஏற்றச் சொன்னாள், ஏற்றியதைத் திறந்து பார்த்தாள். போய்வருகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் கல்யாணத்தில் உன் சின்ன மாமா சுருளி ஆடியதை நான் எடுத்த படங்களும் போய்விட்டன. கொரோனாவில் அவன் போனதிலிருந்து அந்தப் படங்களைப் பார்க்க உன் அம்மாவுக்குத் துணிவு வரவில்லை, பிறகு பார்க்கலாம் பிறகு பார்க்கலாம் என்று இருந்தாள். இப்போது என்னிடம் கேட்பதில்லை. சொந்தக்காரர் ஒவ்வொருத்தருக்காய்ப் போன் போட்டு வேறு ஏதோ பேசுகிற மாதிரிப் பேசி, சுருளி படம் உங்களிடம் இருக்கிறதா என்று கடைசியில் கேட்கிறாள். யாரிடமும் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் உனக்கோ மாப்பிள்ளைக்கோ வாட்ஸ்அப்பில் நான் கொஞ்சம் அனுப்பின ஞாபகம், சின்ன சைஸில் இருந்தாலும் பரவாயில்லை, தேடிப் பார். இருந்தால் முதலில் ரெண்டு இடத்தில் காப்பி போட்டு வை, அப்புறம் அனுப்பு. இல்லாவிட்டால் இல்லை என்று என்னிடம் சொல், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், இனி எதையும் அவளிடம் தள்ளிப்போட மாட்டேன்.

சின்னவளின் படங்கள் உன் போனில் மட்டும் இருந்தால் இந்த வாரமே வேறு ஒரு டிஸ்கில் போட்டு அதை வீட்டுக்கு வெளியே, உன் சிநேகிதி வீட்டிலோ ஆபீஸிலோ வை. நாலு படத்தைத் திறந்து பார். வருசத்துக்கு ஒரு தடவை பத்துப் படமாவது காகிதத்தில் பிரிண்ட் போடு. என்மேல் கோபம் இருந்தால் கோபப்படு, கோபமில்லை என்று மட்டும் சொல்லாதே. பெருமாள் உங்கள் மூன்று பேரையும் தீர்க்காயுசாக வைத்திருக்கட்டும், சின்னவள் உன்னைவிட உயரமாக வளரட்டும். முறுக்கு நமுத்துவிடும், டப்பாவைத் திறந்து போடாதே. கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குக் கூப்பிடு, மாலை நாலு மணிக்கு மேல் அவள் சும்மாதான் இருப்பாள். சுருளி பேச்சை நீயாக எடு. அவள் பேசட்டும், இடையில் நிறுத்தாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சுந்தரலிங்கம்